பட்டத்தோடு இன்னுமொரு சான்றிதழ்: ஊவா மாணவரின் கணக்கு

பதுளை மாவட்டத்தின் தோட்டமொன்றிலிருந்து ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்திற்குத் தெரிவாகின்றதெனில் அது அந்தக் குடும்பத்தின் செய்தியாக மட்டும் இருப்பதில்லை. தோட்டத்துச் சந்தியில் பதாகை தொங்கும். கோயில் முன்றலில் பாராட்டு விழா நடக்கும். நான்கு வருடங்கள் கழித்து அதே பிள்ளை பட்டச் சான்றிதழுடன் ஊர் திரும்பும்போது பதாகை இருப்பதில்லை. "இப்ப என்ன வேலை?" என்ற கேள்வி மாத்திரமே வரவேற்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதவர்களே இன்று நகரங்களில் முளைத்துள்ள சான்றிதழ் வகுப்புகளின் பிரதான வாடிக்கையாளர்களாக உள்ளனர்.

அண்மையில் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் எம்மைச் சந்திக்க வந்திருந்தார். கலைமாணிப் பட்டதாரி. அவர் கொண்டு வந்த கோப்பில் பட்டச் சான்றிதழுக்கு மேலதிகமாகப் பதினொரு சான்றிதழ்கள் இருந்தன. கணினியில் இரண்டு, மூன்று வெவ்வேறு நிறுவனங்களில் பெற்ற ஆங்கிலச் சான்றிதழ்கள் மூன்று, உளவளத்துணை, ஊடகவியல், மனிதவள முகாமைத்துவம், முதலுதவி, அத்துடன் இரண்டு நாள் தலைமைத்துவக் கருத்தரங்குகளில் பங்குபற்றியமைக்கான அத்தாட்சிகள் இரண்டு. தனியார் நிறுவனமொன்றின் நேர்முகத் தேர்வில் இவற்றில் ஒன்றையேனும் எவரும் புரட்டிப் பார்க்கவில்லையாம். வெற்றுத்தாள் ஒன்றை நீட்டி, வாடிக்கையாளர் ஒருவருக்குச் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதுமாறு கேட்டிருக்கின்றனர். பசறைக் கடைவீதியில் சிங்களத்தைச் சரளமாகப் பேசி வளர்ந்தவர் அவர். ஆனால் எழுதத் தெரியவில்லை.

பட்டத்தோடு மேலதிகச் சான்றிதழ்களைப் பெறுவது வீண் என்று நாம் கூற வரவில்லை. மாறாக, பல்கலைக்கழகப் பட்டம் மாத்திரம் போதும் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது என்பதே எமது கருத்தாகும். 2020 ஆம் ஆண்டில் அரசாங்கம் பல்லாயிரக்கணக்கான வேலையற்ற பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவுடன் பயிலுநர்களாகச் சேர்த்துக்கொண்டது. அவ்வாறான மொத்த ஆட்சேர்ப்பு எப்போது வரும் என்று எவராலும் கூற முடியாது. அதற்காகக் காத்திருக்கும் வசதி லயக் காம்பராவில் வாழும் குடும்பத்திற்கு இல்லை. ஆகவே கேள்வி, மேலதிகமாகப் படிப்பதா இல்லையா என்பதன்று. எதைப் படிப்பது, அதற்கு யார் பெறுமதி கொடுக்கின்றனர் என்பதே.

இங்கு முதலில் புரிந்துகொள்ள வேண்டியது 'டிப்ளோமா' என்ற சொல்லை. எமது பெற்றோர்களுக்கு அச்சொல்லின் மீது பெரும் மதிப்புண்டு. ஆனால் அச்சொல்லை யார் வேண்டுமானாலும் தாளில் அச்சிடலாம் என்பதை அவர்கள் அறிவதில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் உயர்கல்வி அமைச்சும் சார்ந்து உருவாக்கப்பட்டு, 2012 ஆம் ஆண்டில் அறிமுகமான இலங்கைத் தகைமைகள் சட்டகம் இதற்கு ஓர் அளவுகோலை வைத்துள்ளது. அதில் பன்னிரண்டு மட்டங்கள் உண்டு. க.பொ.த. சாதாரண தரம் முதலாவது, உயர்தரம் இரண்டாவது, டிப்ளோமா மூன்றாவது, உயர் டிப்ளோமா நான்காவது, பொதுப்பட்டம் ஐந்தாவது, சிறப்புப் பட்டம் ஆறாவது என்று ஏறிச் சென்று, கலாநிதிப் பட்டம் பன்னிரண்டாவது மட்டத்தில் நிற்கின்றது. மூன்றாம் மட்ட டிப்ளோமாவுக்கு 30 திறமைப்புள்ளிகள் தேவை. ஒரு திறமைப்புள்ளி என்பது, வகுப்பு, சுயகற்றல், ஒப்படை, பரீட்சைத் தயாரிப்பு யாவும் அடங்கலாக 50 மணித்தியாலக் கற்றலைக் குறிக்கும். அதாவது முழுமையான டிப்ளோமா ஒன்றின் பின்னால் 1,500 மணித்தியால உழைப்பு இருக்க வேண்டும்.

இனி, நகரத்தில் சனிக்கிழமை தோறும் நான்கு மணித்தியாலம் வீதம் ஆறு மாதம் நடைபெறும் ஒரு 'டிப்ளோமா' வகுப்பை எடுத்துக்கொள்வோம். 26 வாரங்களுக்கு 104 மணித்தியாலங்கள். மாணவர் வீட்டில் அதைப் போல மூன்று மடங்கு நேரம் படிக்கின்றார் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் மொத்தம் 416 மணித்தியாலங்களே வருகின்றன. இது முழு டிப்ளோமாவின் மூன்றில் ஒரு பங்கைக் கூட எட்டவில்லை. அந்த வகுப்பில் கற்பிக்கப்படும் விடயம் பயனற்றது என்பதல்ல இதன் பொருள். அதன் பெயர் அதன் அளவை விடப் பெரிது, அவ்வளவுதான். கற்பவர் அதைத் தெரிந்துகொண்டு பணம் கட்டினால் பிழையில்லை.

தொழிற்கல்விப் பக்கத்தில் இதற்கு இணையாக என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற் தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டுள்ளது. நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள், ஏழாவது பட்டத்திற்கு நிகரானது. 1990 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவே இதற்குப் பொறுப்பு. தொழிற்பயிற்சி நிறுவனங்கள் இங்கு பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். நிறுவனத்தின் பதிவு வேறு, குறிப்பிட்ட கற்கைநெறிக்கான தரச்சான்று வேறு என்பதையும் கவனித்தல் அவசியம். வாசலில் பதிவு இலக்கத்தை மாட்டி வைத்துள்ள நிறுவனத்தின் எல்லா வகுப்புகளும் என்.வி.கியூ. சான்றிதழில் முடிவதில்லை.

சான்றிதழின் பெறுமதியை அதை வழங்குபவர் தீர்மானிப்பதில்லை, ஏற்றுக்கொள்பவரே தீர்மானிக்கின்றார் என்பதற்கு அண்மைக்கால வரலாற்றில் கசப்பான உதாரணம் ஒன்றுண்டு. இலங்கை உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகம் 1995 ஆம் ஆண்டின் சட்டத்தினால் உருவான அரச நிறுவனமாகும். பதுளை உள்ளிட்ட பல நகரங்களில் அதன் நிலையங்கள் உள்ளன. அதன் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா பல்லாண்டு காலமாக மதிப்புடன் நோக்கப்பட்டு வந்தது. எனினும் அரச ஆட்சேர்ப்பில் அதனை வணிகமாணிப் பட்டத்திற்குச் சமமாகக் கொள்வதா என்ற பிரச்சினையில் மாணவர்கள் வீதிக்கு இறங்க நேர்ந்தது. 2015 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொழும்பில் அவர்கள் நடத்திய ஆர்ப்பாட்டத்தின் மீது பொலிஸார் தடியடி நடத்தியது நாடெங்கும் பேசப்பட்டது. அரச நிறுவனமே வழங்கும் தகைமைக்கு இந்த நிலையென்றால், பெயர் தெரியாத நிறுவனத்தின் தாளை நம்பி மூன்று வருடங்களைச் செலவிடுவோரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே, வகுப்பில் சேருவதற்கு முன்னர் வர்த்தமானியை வாசிக்கும் பழக்கம் வர வேண்டும். தாம் விரும்பும் பதவிக்குக் கடந்த தடவை வெளியான ஆட்சேர்ப்பு அறிவித்தலை எடுத்து, கல்வித் தகைமை என்ற பந்தியை ஒருமுறை வாசித்தால் போதும். அதில் இல்லாத சான்றிதழை அந்தப் பதவிக்காகச் சேகரிக்க வேண்டியதில்லை. நூலகராக விரும்புபவர் இலங்கை நூலகச் சங்கம் நடத்தும் டிப்ளோமாவை அதில் காண்பார். ஆசிரியராக விரும்பும் பட்டதாரிக்கு, சேவையில் இணைந்த பின்னர் பட்டப்பின் கல்வி டிப்ளோமா தேவைப்படும் என்பது தெரியவரும். இவை மூன்று மாத வகுப்புகளால் ஈடுசெய்யக் கூடியவை அல்ல.

ஊவாவைப் பொறுத்தவரையில் எல்லாவற்றிற்கும் முன்னால் நிற்பது மொழியே என்பது எமது உறுதியான அபிப்பிராயம். ஆங்கிலம் அவசியம் என்று யாவரும் கூறுகின்றனர். அது உண்மையும் கூட. ஆனால் சிங்களத்தை எழுதவும் வாசிக்கவும் கற்றுக்கொள்வதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. தெரிந்த மொழிதானே என்ற எண்ணம் ஒருபுறம், ஏன் கற்க வேண்டும் என்ற மனத்தாங்கல் மறுபுறம். மனத்தாங்கலுக்கு வரலாற்றில் நியாயம் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. இருப்பினும் நடைமுறை என்ன? 2007 ஆம் ஆண்டின் அரச நிர்வாகச் சுற்றுநிருபம், அவ்வருடம் ஜூலை முதலாம் திகதிக்குப் பின்னர் அரச சேவையில் சேருவோர் ஐந்து வருடங்களுக்குள் மற்றைய அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டுமென விதித்தது. பின்னர் வந்த சுற்றுநிருபங்கள் அதன் நிபந்தனைகளை மாற்றியமைத்தனவேயன்றி, அந்தத் தேவையை நீக்கிவிடவில்லை. வேலை கிடைத்த பின்னர் எப்படியும் படிக்க வேண்டியதை முன்னரே படித்து வைத்தால் என்ன நட்டம்?

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் பல பிரதேச செயலாளர் பிரிவுகள் 1999 ஆம் ஆண்டு வர்த்தமானிப் பிரகடனத்தின் மூலம் இரு மொழிகளிலும் நிர்வாகம் நடைபெற வேண்டிய பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. தமிழில் விண்ணப்பித்தால் தமிழில் பதில் கிடைக்க வேண்டும். ஆனால் காணிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ்த் திருத்தம், ஊழியர் சேமலாப நிதிக் கடிதம் என்று எதை எடுத்தாலும் தோட்ட மக்கள் யாரேனும் ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்து அர்த்தம் கேட்கும் நிலை இன்னும் மாறவில்லை. சட்டம் இருக்கின்றது, அதை நடைமுறைப்படுத்த இரு மொழியிலும் எழுதக்கூடியவர்கள் போதாது. மொழிபெயர்ப்பாளர், உரைபெயர்ப்பாளர் பதவிகளுக்கு இரு மொழியும் கற்ற மலையகப் பட்டதாரியை விடப் பொருத்தமானவர் யார்? கலைமாணிப் பட்டத்தோடு மொழிபெயர்ப்பில் அங்கீகாரமுள்ள ஒரு டிப்ளோமாவைப் பெறும் மாணவி தனக்கொரு தொழிலைத் தேடிக்கொள்வதோடு, தன் தாய் கைநாட்டு வைத்த காகிதங்களில் என்ன எழுதியிருந்தது என்பதையும் அறிந்துகொள்வாள்.

இதற்கு அதிக செலவும் ஆவதில்லை. க.பொ.த. சாதாரண தரத்தில் இரண்டாம் மொழிச் சிங்களம் ஒரு பாடமாக உள்ளது. பாடசாலையை விட்டு விலகியவரும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக அதற்குத் தோற்றலாம். பரீட்சைத் திணைக்களம் வழங்கும் அந்தப் பெறுபேற்றுத் தாளை எந்த அலுவலகமும் கேள்விக்குட்படுத்தாது. அதற்கு மேல் செல்ல விரும்புவோருக்கு, 2007 இல் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட மொழிக் கல்வி மற்றும் பயிற்சிக்கான தேசிய நிறுவகத்தின் கற்கைநெறிகள் உள்ளன.

கணக்கியலும் கணினியும் பற்றி அதிகம் கூறத் தேவையில்லை, வழி தெளிவானது. முகாமைத்துவ, வணிக மாணவர்கள் ஏ.ஏ.ரி. பரீட்சைகளைத் தமிழிலேயே எழுத முடியும். கணினித் துறையில் கொழும்புப் பல்கலைக்கழகம் 2000 ஆம் ஆண்டில் ஆரம்பித்த தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் எமது மாணவர்களுக்கு ஏற்ற அமைப்பைக் கொண்டது. முதலாம் வருடத்தைச் சித்தியடைந்தால் டிப்ளோமா, இரண்டாம் வருடத்தில் உயர் டிப்ளோமா, மூன்றாம் வருடத்தில் பட்டம். இடையில் வறுமையோ நோயோ குறுக்கிட்டு நிறுத்த நேர்ந்தாலும் வெறுங்கையுடன் திரும்ப வேண்டியதில்லை. பரீட்சை ஆங்கிலத்தில் என்பதே அதன் சிரமம். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் மென்பொருள் உருவாக்கத்தில் இணையவழிப் பயிற்சியொன்றைக் கட்டணமின்றி வழங்குகின்றது. இலவசம் என்றாலும் இணைய இணைப்பு வேண்டுமே என்பார்கள். கொரோனா காலத்தில் சிக்னல் தேடி மலையுச்சிக்கு ஏறிய பிள்ளைகளின் மாவட்டம் இது. அந்தக் குறை முற்றாக நீங்கிவிட்டதென நாம் கூறமாட்டோம்.

தேயிலையைப் பற்றித்தான் சற்று விரிவாகப் பேச வேண்டியுள்ளது. 2005 ஆம் ஆண்டில் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. பசறை வீதியில், தேயிலை மலைகளுக்கு நடுவே அமைந்துள்ள அதன் பட்டநெறிகளுள் ஒன்று தேயிலைத் தொழில்நுட்பமும் பெறுமதி சேர்த்தலும் என்பதாகும். அதே பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் ஊவாப் பிராந்திய நிலையம் உள்ளது. தோட்ட அலுவலர்களுக்கும் முகாமையாளர்களுக்கும் உரிய சான்றிதழ்களையும் டிப்ளோமாக்களையும் தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகம் நடத்துகின்றது. இத்தனையும் இருந்தும், ஐந்து தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பத்துப் பிள்ளை தேயிலையைப் பாடமாகப் படிக்க விரும்புவதில்லை. இதில் வியப்பில்லை. பிரட்டுக்களத்திலிருந்து தப்புவதற்காகத்தானே படிப்பு? மேலும் அந்தப் பட்டநெறிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானம் வேண்டும். ஊவாவில் தமிழ் மொழிமூலம் உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைகள் மிகச் சிலவே. எனினும், தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு அறையிலும் தேயிலைச் சுவைப்பு மேசையிலும் ஏற்றுமதி நிறுவனத்திலும் எமது பிள்ளைகள் அமரும்வரை, தேயிலை எமக்கு நாட்சம்பளமாக மட்டுமே இருக்கும். முகாமைத்துவமோ புவியியலோ படிக்கும் மாணவர் கூட, அதனுடன் பெருந்தோட்டத் துறை சார்ந்த ஒரு சான்றிதழைச் சேர்த்துக்கொண்டால் அது பொருந்தாத சேர்க்கையாகாது.

முஸ்லிம் மாணவர்களிடையே இரு வழிக் கல்வி புதியதன்று. 1973 இல் பேருவளையில் ஆரம்பிக்கப்பட்ட ஜாமிஆ நளீமிய்யாவின் மாணவர்கள், இஸ்லாமியக் கற்கையோடு பல்கலைக்கழக வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்கும் தோற்றி வந்துள்ளனர். அங்கிருந்து வெளியேறியோர் அரச நிர்வாகத்திலும் பல்கலைக்கழகங்களிலும் இடம்பிடித்தமைக்கு அந்த ஏற்பாடே பெரிதும் காரணம் எனலாம். பரீட்சைத் திணைக்களம் நடத்தும் அல்-ஆலிம் பரீட்சையும் அரபு மத்ரஸாக் கல்விக்கு அரச முத்திரையைப் பெற்றுத் தரும் வழியாகும். வெலிமடை, குருத்தலாவை, பதுளைப் பகுதிகளின் முஸ்லிம் மாணவியரில் பலர், தூரத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவதால் உயர்தரத்தோடு நின்றுவிடுகின்றனர். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிக் கற்கைகளும், 1980 இல் உருவாகிப் பதுளையிலும் நிலையம் கொண்டுள்ள திறந்த பல்கலைக்கழகமும் இவர்களுக்கானவை. உயர்தரத்தில் சித்தியெய்தாதவர் கூட அடிப்படைக் கற்கையொன்றைப் பூர்த்தி செய்து பட்டநெறிக்குள் நுழையும் வழி திறந்த பல்கலைக்கழகத்தில் உண்டு. தோட்டத்து மாணவியருக்கும் இதே கதவு திறந்திருக்கின்றது. ஆனால் விண்ணப்பம் கோரும் விளம்பரம் அவர்களது கண்ணில் படுவதில்லை.

இத்தனை வாய்ப்புகளையும் கூறியபின் பணத்தைப் பற்றிப் பேசாதிருப்பது நேர்மையாகாது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. ஒரு வகுப்புக்கு 50,000 ரூபா கட்டணம் என்று வைத்துக்கொண்டால், அந்தச் சம்பளத்தில் அது 37 நாட்களின் முழுப் பேர். அரைப் பேர் போடப்பட்ட நாட்களும் வேலை கொடுக்கப்படாத நாட்களும் இதில் சேரவில்லை. அடுப்பெரிக்கும் செலவும் சேரவில்லை. தாயின் நகை அடகுக் கடைக்குச் செல்வதும் சீட்டுப் பணம் முன்கூட்டியே எடுக்கப்படுவதும் இவ்வாறே. மகாபொலப் புலமைப்பரிசில் 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது நல்ல விடயம். ஆனால் விடுதி, உணவு, ஊர் போய்வரும் பஸ் கட்டணம் ஆகியவற்றுக்கே அது போதாதபோது, வகுப்புக் கட்டணத்துக்கு எங்கே போவது?

பணத்திற்கு நிகரான மற்றொரு செலவு நேரம். முதலாம் வருடத்தில் ஆங்கில மொழிமூலத்துக்குப் பழகவே திணறும் மாணவர், வார இறுதிகளை வெளி வகுப்புகளுக்குக் கொடுத்துவிட்டுப் பட்டத்தின் வகுப்புச் சித்தியை இழப்பதை நாம் கண்டிருக்கின்றோம். இரண்டாம் வகுப்புச் சித்தி பெற்றிருக்க வேண்டியவர் சாதாரண சித்தியுடன் வெளியேறினால், அந்த இழப்பை எந்த ஆறு மாதச் சான்றிதழும் ஈடுசெய்யாது. இந்தியாவில் 2022 ஆம் ஆண்டு முதல் ஒரே வேளையில் இரு பட்டநெறிகளைத் தொடர அந்நாட்டுப் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்துள்ளது. அதைக் கேள்வியுற்ற சிலர் இங்கும் அவ்வாறு செய்யலாமென எண்ணுகின்றனர். இங்கு இரு முழுநேர உள்வாரிக் கற்கைகளுக்கு ஒரே நேரத்தில் பதிவு செய்ய முடியாது. வெளிவாரியாகவோ பகுதிநேரமாகவோ வேறொன்றைத் தொடர விரும்புபவர் தமது பீடத்தின் பதிவாளரிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. எமது பார்வையில் முதல் வருடத்தைப் பட்டத்துக்கே விட்டுவிட வேண்டும். இரண்டாம் வருட விடுமுறையில் மொழியும், மூன்றாம் வருடத்தில் துறை சார்ந்த ஒரு தகைமையும் என்று இரண்டை முறையாக முடித்தால் போதுமானது.

தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தினால் பொறுப்பேற்கப்படத் தொடங்கியது 1970 களின் பிற்பகுதியிலேயே. 1945 இல் நாட்டுக்குக் கிடைத்த இலவசக் கல்வி எமது லயங்களை வந்தடைய ஒரு தலைமுறைக்கு மேல் சென்றது. அந்தத் தாமதத்தின் விளைவாக, எந்தப் படிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லித்தர வீட்டில் படித்த மூத்தவர்கள் இல்லாத பிள்ளைகளே இன்னும் அதிகம். கொழும்பில் ஒரு மாமனிடமோ பெரியப்பாவிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளும் விடயத்தை, இங்குள்ள பிள்ளை பஸ் தரிப்பிடச் சுவரில் ஒட்டப்பட்ட விளம்பரத்திலிருந்து தெரிந்துகொள்கின்றது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹப்புத்தளை என்று ஊருக்கு ஊர் இன்று பட்டதாரிகள் இருக்கின்றனர். ஆலய பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் மாதமொரு ஞாயிறு அவர்களில் இருவரை அழைத்து, விண்ணப்பப் பத்திரங்களோடும் வர்த்தமானியோடும் உட்கார வைத்தால் ஒரு சதமும் செலவாகாது.

எம்மிடம் வந்த இளைஞர் தமக்காக வரவில்லை என்பது இறுதியில்தான் தெரிந்தது. அவரது தங்கை இவ்வருடம் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கின்றார். அனுமதிக்கு இன்னும் சில மாதங்கள் உண்டு. அதற்குள் பதுளையில் ஒரு கணினி 'டிப்ளோமா'வுக்குச் சேர்க்க வேண்டுமென்று தந்தை முற்பணத்துக்குச் சங்கிலியை அடகு வைக்க ஆயத்தமாம். தடுப்பதா, விடுவதா என்று கேட்டார். வகுப்பின் பெயரையும் நிறுவனத்தின் பதிவு இலக்கத்தையும் எழுதி வாங்கிக்கொண்டோம். அது என்.வி.கியூ. எத்தனையாம் மட்டம் என்று ஆணைக்குழுவிடம் கேட்டறியும்வரை சங்கிலி வீட்டிலேயே இருக்கட்டும் என்று கூறினோம். அதுவரை அண்ணனும் தங்கையும் சேர்ந்தே சிங்களத்தில் கடிதம் எழுதிப் பழகலாம். சாதாரண தரப் பரீட்சைக்கான விண்ணப்பம் கோரப்படும்போது, அவர் தமக்கும் ஒன்று நிரப்பி அனுப்புவதாகச் சொல்லிச் சென்றிருக்கின்றார்.